டீச்சர் வீட்டுச் சுவர் விளக்கும் என் வயிற்றெரிச்சலும்

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் ஒரு மடையன். சாதாரண மடையன் இல்லை. லைசன்ஸ் எடுத்த மடையன். வயது அறுபத்தேழு. இரண்டு முட்டியிலும் தேய்மானம். "ஏணியைக் கண்டால் அந்தப் பக்கமே போகாதீர்கள்" என்று டாக்டர் சொன்ன உடம்பு. இதையெல்லாம் வைத்துக்கொண்டு, இன்னொருத்தன் செய்த தப்பைக் கண்டுபிடித்து ஊருக்குக் காட்டப்போகிறோம் என்கிற சந்தோஷத்தில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு ஒரு வீட்டுச் சிலிங்குக்கு மேலே ஏறினேன். வயர்மேன் எவனும் வெள்ளைச் சட்டையில் சிலிங் ஏற மாட்டான். அன்றைக்கு நான் வயர்மேனாகப் போகவில்லை, நீதிபதியாகப் போயிருந்தேன்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், எங்கள் ஊரான கூலிமில் வயரிங் வேலையில் இருக்கும் தம்பிகள் சிலர் வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி கேட்டிருந்தார்கள். "அண்ணே, பழைய வீடுகள்ல எல்இடி போட்டா, சுவிட்ச் ஆஃப் பண்ணாலும் வால் லைட்டு லேசா எரியுது. ஏன் அண்ணே?" சுவர் விளக்கைத்தான் வால் லைட்டு என்கிறார்கள். ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த ஒரு வரிக்குள் என் முப்பது வருட வயிற்றெரிச்சல் சுருண்டு கிடக்கிறது. அதை வெளியே இழுத்தால் கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

குருண் என்கிற ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தேன். தோட்டத்து ஃபேக்டரி எஞ்சின் ரூமில் இரண்டு வருடம் எண்ணெய் துடைத்தேன். அங்கேதான் கரண்ட் என்னை முதன்முதலாகத் தொட்டது. அதோடு அதனிடம் மரியாதை வந்தது. பிறகு வயர்மேன் பரீட்சை. மூன்று தடவை எழுதினேன். எங்களுக்கு நாலு வீடு தள்ளியிருந்த பாலன் ஒரே தடவையில் பாஸ். என் படிப்பு இவ்வளவுதான். பொறாமைக்கும் ஒரு பரீட்சை வைத்திருந்தால் நானும் முதல் தடவையே பாஸ் ஆகியிருப்பேன்.

இரண்டு பேரும் கூலிமில் ஒரு சீனர் காண்ட்ராக்டரிடம் வேலைக்குச் சேர்ந்தோம். ஆ செங் என்று பெயர், நாங்கள் முதலாளி என்கிற அர்த்தத்தில் தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய அப்பா தோட்டத்து வாசலில் மளிகைக்கடை வைத்திருந்தவர் என்பதால் தவுக்கேக்கு எங்களைவிட நன்றாகத் தமிழில் திட்டத் தெரியும். ஆனால் திட்ட மாட்டார். வேலை முடிந்ததும் வருவார். சுவரில் மாட்டிய விளக்குக்கு நேராக நிற்பார். வேலை சரியாக இருந்தால் ஒன்றும் சொல்லாமல் அடுத்த அறைக்குப் போவார். சரியில்லை என்றால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, மடித்து, சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். இதை நான் பார்க்க விரும்பவில்லை என்று அர்த்தம். உடனே பிரித்து மறுபடியும் மாட்ட வேண்டும். நான் விளக்கு மாட்டிப் பார்த்த ஆரம்ப நாட்களில் அந்தக் கண்ணாடி அவர் முகத்தில் இருந்ததைவிடப் பையில் இருந்ததுதான் அதிகம்.

சுவர் விளக்கு வேலை இரண்டு ஆள் வேலை. மேலே ஒருத்தன், கீழே ஒருத்தன். மேலே இருப்பவன் சிலிங்குக்குள் தவழ்ந்து போய் வயரை இழுத்து, இணைத்து, சுவருக்குள் இறக்கிவிட வேண்டும். கீழே இருப்பவன் விளக்கை மாட்ட வேண்டும். எங்களிடம் சிலிங் ஏறுகிறவர்கள் மூன்று பேர், மாறி மாறிப் போவோம். கீழே மட்டும் எப்போதும் பாலன்தான்.

அவன் மாட்டுவதைப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கக் கூடாது என்று நினைத்தும் பார்த்திருக்கிறேன். முதலில் மெயின் சுவிட்சை அணைத்து, அதன்மேல் ஒரு துணியைக் கட்டுவான், வேறு யாரும் தெரியாமல் போட்டுவிடக் கூடாது என்று. பிறகு வீட்டுக்கார அம்மாவைக் கூப்பிடுவான். "அக்கா, இங்க வந்து சுவரோரமா நில்லுங்க. லைட்டு இந்த ஒசரத்துல வருது. நாற்காலியில ஒக்காந்தா கண்ணுல குத்துமா? ஒக்காந்து பாத்துட்டுச் சொல்லுங்க." அந்த அம்மா நிற்பார், உட்காருவார், மறுபடி நிற்பார். இதுவரை அந்த வீட்டில் யாருமே அவரிடம் எதையும் கேட்டிருக்க மாட்டார்கள். விளக்கு மாட்டுவதற்குள் பாலன் அந்த வீட்டுத் தம்பி ஆகிவிடுவான்.

உயரத்தைக் குறித்த பிறகு, தண்ணீர் நிரப்பிய டியூப்பை இரண்டு பக்கமும் பிடித்து மட்டம் பார்ப்பான். துளை போடும்போது கீழே ஒரு காகிதக் கூம்பை ஒட்டி வைப்பான். செங்கல் தூள் ஒரு பொட்டுகூடத் தரையில் விழாது. வயரைச் சுண்டுவிரல் நகத்தின் அகலத்துக்கு உரிப்பான். பச்சை வயர் முதலில், கறுப்பு பிறகு, சிவப்பு கடைசியில். ஒவ்வொன்றையும் ஒரு தடவை இழுத்துப் பார்ப்பான். திருகாணிகளின் கீறல் எல்லாம் நேர்க்கோட்டில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் கால் சுற்று திருப்புவான். எல்லாம் முடிந்த பிறகு கையைக் கழுவிவிட்டு வந்துதான் கண்ணாடிக் கூண்டைத் தொடுவான்.

கடைசியாக டெஸ்ட். இது தவுக்கேயின் சட்டம். பல்பு போடுவதற்கு முன், மெயினைப் போட்டு, விளக்கின் சுவிட்சை அணைத்து வைத்துக்கொண்டு, கரண்ட் பட்டால் உள்ளே சின்ன விளக்கு எரிகிற டெஸ்ட் பேனாவை ஹோல்டரில் வைத்துப் பார்க்க வேண்டும். பேனா எரியக் கூடாது. எரிந்தால் மேலே இருப்பவன் எதையோ மாற்றிக் கட்டிவிட்டான் என்று அர்த்தம். தவுக்கே வாயைத் திறந்து சொல்லும் சில வாக்கியங்களில் இது ஒன்று: "மேல உள்ளவன நம்பாதே. ஒங்க அம்மா மேல ஏறி வயர் கட்டுனாலும் டெஸ்ட் பண்ணு." வேறு காண்ட்ராக்டர்களின் ஆட்கள் பத்தில் மூன்று வீட்டில் இதை மறந்துபோவார்கள். பாலன் மறந்ததே இல்லை என்று எல்லாரும் சொல்வார்கள். டெஸ்ட் பேனா பாலன் என்றே அவனுக்குப் பெயர். எனக்கும் ஒரு பெயர் இருந்தது. அதை இங்கே எழுத மாட்டேன், என் பேரப்பிள்ளைகள் தமிழ் படிக்கிறார்கள்.

இப்போது என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். புதுவீடு கட்டிக் குடிபோகிறவர்கள் கடைசியில் பார்ப்பது சுவர் விளக்கைத்தான். எரிகிற விளக்கைப் பார்த்து எவராவது "ஆஹா, உள்ளே வயர் எவ்வளவு அழகாகப் போயிருக்கிறது" என்பாரா? புதுமனை புகுவிழாவில் முதல் சுவிட்சைப் போடச் சொல்வது பாலனை. வெற்றிலைத் தட்டு பாலனுக்கு. நான் இறங்கி வரும்போது தலை முதல் கால் வரை சாம்பல் பூசிய சாமியார் மாதிரி இருப்பேன். பிள்ளைகள் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

குருணில் ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். வீட்டுக்கார அம்மா ஒரே ஒரு கப் தேநீர் கொண்டுவந்தார். பாலன் வாங்காமல், "அக்கா, மேல ஒருத்தன் இருக்கான்" என்றான். அந்த அம்மா அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "மேலயா? அடக் கடவுளே! நான் எலின்னுல்ல நெனச்சேன். காலையிலேருந்து ஒரே கரட்டு கரட்டுன்னு சத்தம்."

பாலன் அந்த நகைச்சுவையைக் கூலிம் முழுக்கச் சொல்லவில்லை. சொன்னது நான்தான். சொல்லிச் சொல்லிச் சிரிக்க வைத்தேன். ஆனால் அன்று அவன் எனக்காக நீட்டிய கப்பை நான் வாங்கவில்லை. வயிறு எரிகிறபோது சூடான தேநீர் எதற்கு?

சொந்த வீட்டிலும் நிம்மதி இல்லை. எங்கள் ஹாலில் இரண்டு சுவர் விளக்கு போட வேண்டும் என்று என் மனைவி சரோஜா ஆசைப்பட்டாள். "நாளைக்கே போட்டுடறேன்" என்றேன். அவள் கொஞ்சம் தயங்கிவிட்டு, "நீங்க மேல போயிடுங்க. கீழ வேலைக்குப் பாலன் அண்ணன வரச் சொல்லியிருக்கேன்" என்றாள். என் வீட்டு விளக்கை மாட்ட என் வீட்டுச் சிலிங்குக்குள் நான் தவழ்ந்துகொண்டிருக்க, கீழே அவள் அவனுக்குக் கேசரி கிண்டிக்கொண்டிருந்தாள். எனக்கும் கேசரி கிடைத்தது. ஆறிப்போயிருந்தது.

இனி டீச்சர் வீடு.

ராஜேஸ்வரி டீச்சர் தமிழ்ப் பள்ளியில் வேலை பார்த்தவர். இருபத்தெட்டு வருடங்களுக்கு முன் கூலிமில் ஒரு தாமானில், அதாவது வரிசை வீட்டுக் குடியிருப்பில், வீடு வாங்கினார். ஹால் சுவரில் இரண்டு விளக்கு, இரண்டுக்கும் ஒரே சுவிட்ச். மேலே நான், கீழே பாலன். ஓட்டுக் கூரை, காலை பதினோரு மணி. சிலிங்குக்குள் அந்த நேரத்துச் சூடு அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். வியர்வை மூக்கு நுனியில் சேர்ந்து டார்ச் லைட்டின் மேல் சொட்டும்.

கீழே டீச்சரின் குரல் கேட்டது. "பாலன், ஒங்க கை மாதிரி ஒரு கை வேணும்லா. என் பிள்ளைங்களுக்கு நோட்டுல ஒரு கோடு நேரா போட வரல." எனக்கு எப்படி இருந்திருக்கும்? வயர் இறங்குகிற ஓட்டையில் காதை வைத்தேன். டீச்சர் கேட்டார்: "மேல இருக்கறவரு எப்படி, நல்லா செய்வாரா?"

மூச்சை அடக்கிக்கொண்டேன். பாலன் ஏதோ சொன்னான். சரியாக அந்த நேரம் பார்த்து ரொட்டி விற்கிற மோட்டார் சைக்கிள் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. கடைசியில் இரண்டு பேரும் சிரித்தது மட்டும்தான் கேட்டது.

என்னைப் பற்றித்தான் சிரிக்கிறான் என்று முடிவு செய்துவிட்டேன். என் கை வயரை முறுக்கிக்கொண்டிருந்தது, என் காது கீழே இருந்தது, என் மூளை பாலனைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. மூன்றும் மூன்று இடத்தில் இருக்கும்போது கட்டிய கட்டு அது.

விளக்கு எரிந்தது. இரண்டும் ஜோராக எரிந்தன. தவுக்கே வந்து பார்த்தார், கண்ணாடி முகத்திலேயே இருந்தது. டீச்சர் கைதட்டினார், பாலனைப் பார்த்து.

அதற்குப் பிறகு இருபத்தெட்டு வருடம் ஓடிவிட்டது. தவுக்கே இறந்துபோனார். நாங்களும் வேலையை விட்டோம். பாலன் மட்டும் தாமானில் யார் கூப்பிட்டாலும் போய், சுவிட்ச் மாற்றுவது, பிளக் பார்ப்பது என்று இருந்தான். போகிற வீட்டில் எல்லாம் "எதையும் டெஸ்ட் பண்ணாமத் தொடாதீங்க" என்று பாடம் வேறு. அதற்குப் பலன் வந்தது. கோவில் திருவிழாவில் அவனுக்குப் பொன்னாடை போடுவது என்று கமிட்டி முடிவு செய்தது. இத்தனை வீடுகளில் இத்தனை வருடம் பாதுகாப்பாக விளக்கேற்றியவர் என்று நோட்டீசில் அச்சடிக்கப் போகிறார்களாம். கமிட்டிச் செயலாளர் ராஜேஸ்வரி டீச்சர்.

செய்தியைச் சொன்னவள் சரோஜா. "பாலன் அண்ணனுக்குப் பொன்னாடையாம்" என்றாள். நல்லது என்றேன். அன்று மத்தியானம் சாப்பாட்டில் உப்பு இல்லை, காற்றாடியில் காற்று இல்லை, மருமகன் சரியில்லை என்று வரிசையாகக் கண்டுபிடித்தேன்.

ஒரு வாரம் கழித்து டீச்சர் போன் செய்தார். "முத்தையா, கொஞ்சம் வந்து பாருங்களேன். வால் லைட்டுக்கு எல்இடி பல்பு வாங்கிப் போட்டேன். ஆஃப் பண்ணாலும் மங்கலா எரியுது. பேய்ங்கறா என் மருமக. பேய்க்கு எதுக்குடி ரெண்டு லைட்டுன்னு கேட்டேன்."

"பாலனக் கூப்பிடலையா டீச்சர்?" வேண்டுமென்றேதான் கேட்டேன்.

"கூப்பிடல. பல்பு மாத்தறப்போ, சுவிட்ச் ஆஃப்லதான் இருந்துச்சு, எனக்குச் சுள்ளுன்னு அடிச்சிடுச்சு. நாற்காலியிலேருந்து விழாம பொழைச்சேன். அந்த வேலை செஞ்ச ஆளுக்குப் பொன்னாடை போடறதா வேணாமான்னு நான் முடிவு பண்ணணும். அதான் ஒங்களக் கூப்பிடறேன். நீங்க பாத்து உண்மையச் சொல்லுங்க."

போனை வைத்ததும் நான் என்ன செய்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. பாடினேன். சரோஜா அடுப்படியிலிருந்து வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பெட்டியிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுக்கச் சொன்னேன். "யாரு வீட்டுக் கல்யாணம்?" என்றாள். "இன்ஸ்பெக்‌ஷன்" என்றேன்.

டீச்சர் வீட்டில் ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டுக் காட்டினார். சுவிட்ச் அணைந்திருந்தது. இரண்டு விளக்கும் தூக்கக் கலக்கத்தில் கண் திறந்த மாதிரி மினுங்கின. பல்பைக் கழற்றி, ஹோல்டரில் டெஸ்ட் பேனாவை வைத்தேன். சுவிட்ச் அணைந்திருக்கும்போதே பேனா எரிந்தது.

தம்பிகளே, நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். சுவிட்ச் என்பது உள்ளே வருகிற கரண்டை நிறுத்த வேண்டும். அதை வருகிற வயரில் வைக்காமல் திரும்பிப் போகிற வயரில் வைத்துவிட்டால், விளக்கு அணையும், ஆனால் கரண்ட் ஹோல்டர் வரைக்கும் வந்து உட்கார்ந்திருக்கும். திருடனை வீட்டுக்குள் விட்டுவிட்டுக் கொல்லைக் கதவைப் பூட்டுகிற கதை. பழைய குண்டு பல்பு இதை வெளியே சொல்லாது. எல்இடிக்குத் துளி கரண்ட் போதும், லேசாக எரிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

நான் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டேன். இதற்காகக் கண்ணாடி முன் பயிற்சி எடுத்திருந்தேன். "டீச்சர், சொல்லக் கஷ்டமா இருக்கு. லைவும் நியூட்ரலும் மாறியிருக்கு. ரொம்ப டேஞ்சர். மாட்டினவன் ஒரு தடவ டெஸ்ட் பண்ணியிருந்தா தெரிஞ்சிருக்கும்."

"அப்ப பாலன் டெஸ்ட் பண்ணல?"

"நான் எப்படி டீச்சர் சொல்றது? அவன் என் கூட்டாளி." இப்படிச் சொன்னால் எதிராளிக்கு என்ன புரியும் என்று எனக்குத் தெரியாதா?

டீச்சர் முகம் இறுகிவிட்டது. நான் அத்தோடு இறங்கி, தேநீர் குடித்துவிட்டு வந்திருக்கலாம். ஆனால் நீதிபதிக்குச் சாட்சி வேண்டுமே. "மேல போய் வயர் கட்டுன எடத்தையும் பாத்துடறேன் டீச்சர்" என்று ஏணியைச் சாய்த்துச் சிலிங்குக்குள் நுழைந்தேன். சட்டையில் ஒட்டடை பட்டது. பரவாயில்லை, நல்ல காரியத்துக்குத்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

கட்டு இருந்த இடத்துக்குத் தவழ்ந்து போய் டார்ச்சை அடித்தேன். வயர் இடது பக்கமாக முறுக்கப்பட்டிருந்தது. டேப்பின் நுனி, பிரிக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று, ஒரு மடிப்பு மடித்து விடப்பட்டிருந்தது.

எங்கள் கூட்டத்தில் இடது கைக்காரன் ஒருத்தன்தான். டேப் நுனியை மடிக்கிற பழக்கமும் அவனுக்குத்தான். பாலன் இல்லை. இந்தக் கையைத்தான் சொல்கிறேன், இதை எழுதிக்கொண்டிருக்கிற கை.

ஒரு நிமிடம் டார்ச்சை அணைத்துவிட்டு இருட்டில் குந்தியிருந்தேன். லைவையும் நியூட்ரலையும் மாற்றிக் கட்டுவது சுவரோரம் நிற்கிறவனால் முடியாது, மேலே இருப்பவனால்தான் முடியும் என்பது, ஏணியில் கால் வைப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாற்பது வருடத் தொழில். சந்தோஷத்தில் மறந்துவிட்டேன். அன்று மேலே இருந்த ஆள் யார் என்பது டீச்சருக்கும் ஞாபகம் இல்லை. ரொட்டிக்காரன் ஹாரன், அந்தச் சிரிப்பு, காதை ஓட்டையில் வைத்தது, எல்லாம் வரிசையாக வந்தன.

சரி, யாருக்குத் தெரியப் போகிறது? சத்தமில்லாமல் மாற்றிக் கட்டிவிட்டு இறங்கினால் முடிந்தது. இப்படி நினைக்கவில்லை என்று எழுத ஆசைதான். நினைத்தேன். அதற்குள் கீழே டீச்சரின் குரல் கேட்டது. போனில் கமிட்டித் தலைவரோடு பேசிக்கொண்டிருந்தார். "ஆமாங்க, பாலன் பேர எடுத்துடுங்க. காரணம் கேட்டா நானே சபையில சொல்றேன். முத்தையாவே வந்து பாத்துச் சொல்லிட்டாரு. ஆமா, இப்ப மேலதான் இருக்காரு."

நான் முப்பது வருடமாகக் கேட்க ஏங்கிய வாக்கியம். என் பெயரும் அதில் இருந்தது, மரியாதையோடு. காது குளிர்ந்திருக்க வேண்டும். குளிரவில்லை. பொன்னாடை வரும் என்று தெரியாமலே அவன் எத்தனை வீட்டுக்கு இலவசமாகப் போயிருக்கிறான் என்று அந்த நேரத்திலா ஞாபகம் வர வேண்டும்?

"டீச்சர்! எடுக்காதீங்க! எடுக்கச் சொல்லாதீங்க!" என்று கத்திக்கொண்டே எழுந்தேன்.

சிலிங்குக்குள் எழுந்து நிற்கக் கூடாது. மரக்கட்டையின் மேல்தான் கால் வைக்க வேண்டும், பலகையின் மேல் வைக்கக் கூடாது. இதை எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பலகை உடைந்து, என் வலது கால் தொடை வரைக்கும் டீச்சர் வீட்டு ஹாலுக்குள் இறங்கியது. இன்னொரு கால் மேலே. வெள்ளைச் சட்டை இரண்டுக்கும் நடுவில்.

"ஐயோ, முத்தையா!"

"டீச்சர், அது பாலன் தப்பில்ல. என் தப்பு. மேல கட்டினது நான்தான். மாத்திக் கட்டிட்டேன்."

கீழே டீச்சர் நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. பிறகு, "முத்தையா, மொதல்ல அந்தக் கால மேல எடுங்க. தப்ப அப்புறம் ஒத்துக்கலாம்" என்றார். போனில் இருந்த கமிட்டித் தலைவர் "யாருங்க செத்தது?" என்று கேட்டது எனக்கே கேட்டது.

மெயினை அணைத்து, அதன்மேல் துணியைக் கட்டி, வயரை மாற்றிக் கட்டினேன். வலது பக்கமாகவே முறுக்கினேன், ஏன் என்று தெரியவில்லை. இறங்கி வந்து பல்பை மாட்டி, மெயினைப் போட்டு, சுவிட்சை அணைத்தோம். விளக்குகள் ஒழுங்காக இருண்டன. சிலிங் ஓட்டையை நானே அடைத்துத் தருவதாகச் சொன்னேன். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

டீச்சர் டீச்சர்தான். பாதி மார்க் கொடுத்துவிட்டு மீதியை வைத்துக்கொண்டார். "நீங்க மாத்திக் கட்டினீங்க, சரி. நீங்களே சொன்னீங்க இல்ல, மாட்டறவரு டெஸ்ட் பண்ணியிருந்தா தெரிஞ்சிருக்கும்னு? அப்ப அவரு டெஸ்ட் பண்ணல. ஊரு பூரா டெஸ்ட் பண்ணுங்கன்னு சொல்ற மனுசன் என் வீட்டுல மட்டும் ஏன் பண்ணல? அதுக்குப் பதில் வேணும். நீங்களே போய்க் கேட்டுட்டு வாங்க. பதில் சரியா இருந்தா பேரு இருக்கும். இல்லாட்டி எடுத்துடுவேன்."

மோட்டார் சைக்கிளில் பாலன் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவனுக்காகப் பொய் தயார் செய்தேன். வாழ்க்கையில் முதன்முறையாக அவனுக்காக நான் செய்த வேலை அது. அன்றைக்கு டெஸ்ட் பேனா கெட்டுப்போயிருந்தது என்று சொல்லலாம். கரண்ட் இல்லை என்று சொல்லலாம். தவுக்கே அவசரப்படுத்தினார் என்று சொல்லலாம். இறந்தவர் வந்து மறுக்கப் போவதில்லை. இதற்கு நடுவிலும் மனதின் ஒரு மூலையில் ஒரு சின்ன எரிச்சல்: டெஸ்ட் பேனா பாலன் என்று பேர் வாங்கியவன், பார், டெஸ்ட் பண்ணவே இல்லை. பாதித் தப்பு அவனுடையது. அந்தப் பாதி எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

பாலன் வீட்டு வாசலில் உயரமான ஒரு கம்பம் உண்டு. மெர்போக் என்கிற பாட்டுப் புறாவின் கூண்டைக் கயிற்றில் கட்டி மேலே ஏற்றுவான். வெயிலில் அது பாடும். நான் போனபோது கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தான். என் சட்டையைப் பார்த்தான். வெள்ளையில் ஒட்டடை, தூசி, முட்டிக்கு மேலே காற்சட்டையில் ஒரு கிழிசல்.

"எந்த வீட்டுச் சிலிங் ஓட்டைலா?" என்றான்.

எல்லாவற்றையும் சொன்னேன். எல்இடி, சுள்ளென்று அடித்தது, நான் சோகமாக முகத்தை வைத்துக்கொண்டு போட்டுக்கொடுத்தது, இடது கை முறுக்கு, தொங்கிய கால், எதையும் விடவில்லை. அன்றைக்கு அவர்கள் சிரித்ததைக் கேட்டு வயிறு எரிந்ததில் கவனமில்லாமல் மாற்றிக் கட்டினேன் என்பதையும் சொன்னேன். அவன் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டே கேட்டான். கூண்டு பாதிக் கம்பத்தில் நின்றது.

"டீச்சருக்கு அடி பலமா?" என்று மட்டும் கேட்டான்.

"இல்ல. சுள்ளுன்னுதான். நல்லாத்தான் இருக்காங்க."

தலையை ஆட்டிவிட்டு மறுபடி கயிற்றை இழுத்தான்.

"பாலா, டீச்சர் ஒண்ணு கேட்டாங்க. பதில் சொல்லாட்டி பொன்னாடை இல்லையாம். நான் ஒண்ணு சொல்றேன் கேளு. அன்னைக்கு டெஸ்ட் பேனா பழுதுன்னு சொல்லிடறேன். நீ தலைய மட்டும் ஆட்டு."

"பழுதில்ல."

"அப்ப கரண்ட் இல்லன்னு சொல்லட்டா?"

"இருந்துச்சு."

"அப்புறம் ஏண்டா? ஊருல ஒரு வீடு விடாம டெஸ்ட் பண்ணினவன். கூடவே வேலை செஞ்ச மத்த ரெண்டு பேரு கட்டினதையும் அவனுங்க கண்ணு முன்னாலயே பேனா வெச்சுப் பாத்தவன். அன்னைக்கு மட்டும் ஏண்டா பண்ணல?"

கூண்டு கம்பத்தின் உச்சியைத் தொட்டது. பாலன் கயிற்றை ஆணியில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டான். கையை லுங்கியில் துடைத்துக்கொண்டான். பிறகுதான் சொன்னான்.

"நீ மேல இருந்தா நான் என்னைக்குமே டெஸ்ட் பண்ணதில்லலா."